சரக்கைச் சோதித்த சீமான்: ராபர்ட் பாயில் வரலாறு

நாசி கண்டார்க் கடை நடத்தும் நம் சகோதரர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழக்கமானது. வெள்ளைச் சட்டையில் குழம்பு தெறித்து மஞ்சட் கறை படிந்துவிடுகிறது. இரவு கடை சாத்தியபின் சவுக்காரம் போட்டுத் தேய்த்தால், மஞ்சள் அகலுவதற்குப் பதிலாகக் கறை முழுவதும் இரத்தச் சிவப்பாகிவிடுகிறது. சட்டை கெட்டுப் போயிற்றே என்று புதிதாக ஊரிலிருந்து வந்த பையன் பயந்து போவான். பழைய ஆள் சிரித்துக்கொண்டே எலுமிச்சம் பழத்தை அறுத்து இரண்டு சொட்டுப் பிழிவார். சிவப்பு மறைந்து பழைய மஞ்சளே திரும்பிவிடும்.

திருமண வீட்டில் ஆலாத்திக்குக் கரைக்கும் நீரும் இப்படிப்பட்டதே. மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்ந்ததும் குங்குமச் சிவப்பு உண்டாகிறது. வெற்றிலை போடுகிறவர் வாய் சிவப்பதும் சுண்ணாம்பினாலேதான். பாக்கும் கம்பிரும் தாமாக அத்தனை சிவப்பைத் தருவதில்லை. சுண்ணாம்பின் காரம் பட்டபின்பே நிறம் எழுகிறது. கம்பிர் என்றதும் நமது ஜொகூரின் பழைய வரலாறு நினைவுக்கு வருகிறது. 19-ஆம் நூற்றாண்டில் இங்குள்ள ஆற்றங்கரைகளை 'கங்ச்சு' முறையில் எடுத்துக் காட்டை வெட்டிய சீன உழவர்கள் பயிரிட்டவை கம்பிரும் மிளகும்தான். துமெங்கோங் இப்ராஹீம், சுல்தான் அபூபக்கர் ஆகியோர் காலத்தில் இந்நாட்டுக் கருவூலத்தை நிரப்பிய சரக்குகள் அவை.

சட்டைக் கறை, ஆலாத்தி நீர், வெற்றிலைச் சிவப்பு ஆகிய மூன்றிலும் நடப்பது ஒன்றே. காரம் பட்டால் நிறம் மாறுகிறது. புளிப்புப் பட்டால் வேறு விதமாகிறது. சாயக்காரரும் சமையற்காரரும் வைத்தியரும் இதனை நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். ஆனால் இதனை ஒரு சோதனை முறையாக்கி, பெயர் தெரியாத சரக்கு எதுவாயினும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து இன்ன வகையென்று சொல்லலாம் என்று நூலெழுதி நிலைநாட்டியவர் ஒருவர். அவரே ராபர்ட் பாயில். பள்ளியில் படித்தவர்கள் காற்றின் அழுத்தத்தைப் பற்றிய பாயில் விதி என்ற பெயரால் இவரை அறிவர். கலப்படத்தையும் கள்ள நாணயத்தையும் கண்டுபிடிக்க வழி தேடியவர் என்ற முறையில் வணிகர்களாகிய நாம் இவரை அறிந்திருப்பது குறைவு. மலாய் நாட்டோடும் இவருக்கு ஒரு தொடர்பு உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

இவருடைய தந்தை ரிச்சர்டு பாயில், 1588-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து அயர்லாந்தில் வந்து இறங்கியபோது கையிலிருந்த ரொக்கம் 27 பவுன் மட்டுமே. கப்பலேறி வந்து பொருளீட்டிய குடும்பங்களில் பிறந்த நமக்கு இக்கதை புதிதன்று. ஆனால் அவர் பொருளீட்டிய வழி வேறு. அயர்லாந்து மக்களிடமிருந்து பறிபோன நிலங்களை மலிவாக வாங்கிச் சேர்த்து, கார்க் பிரபு என்ற பட்டமும் பெற்று, அத்தேசத்தின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவரானார். அவர் சேர்த்த சொத்துகளில் கோயில் மானியங்களும் கலந்திருந்தன. மகன் தலையெடுத்தபின் இதனை எண்ணி மனம் வருந்தி, அவ்வகை வருமானத்தில் பெரும் பகுதியை அறச் செயல்களுக்கே ஒதுக்கினார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

அந்தப் பிரபுவுக்குப் பிறந்த 15 குழந்தைகளுள் ராபர்ட் 14-வது. 1627 ஜனவரி 25-ஆம் நாள் அயர்லாந்தின் லிஸ்மோர் மாளிகையில் பிறந்தார். பிறந்த கொஞ்ச நாளில் கிராமத்துச் செவிலித்தாய் ஒருத்தியிடம் வளர அனுப்பப்பட்டார். மூன்று வயதில் தாயை இழந்தார். எட்டு வயதில் ஈட்டன் பள்ளிக்குச் சென்றார். இளவயதில் வேறு பிள்ளைகள் திக்கிப் பேசுவதை விளையாட்டாகப் பின்பற்றப் போய், அத்திக்குவாய் இவருக்கே ஒட்டிக்கொண்டது. ஆயுள் முழுவதும் அது நீங்கவில்லை. கண்பார்வையும் பலவீனம். பிற்காலத்தில் இவர் நூல்களிற் பெரும்பாலானவை இவர் சொல்ல, உதவியாளர் எழுதியவை.

12 வயதில் தமையனோடும் ஓர் ஆசிரியரோடும் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார். ஜெனீவா நகரில் தங்கியிருந்தபோது ஒரு நள்ளிரவில் பயங்கரமான இடியும் மின்னலும் தோன்றின. உலக முடிவே வந்துவிட்டதென்று நடுங்கிய சிறுவன், பிழைத்தால் இறைவனுக்கு அஞ்சி ஒழுகுவதாக மனத்தில் உறுதி செய்துகொண்டான். அச்சத்தில் செய்த உறுதியாயினும் அவர் அதனைக் கடைசிவரை காத்தார் என்பதே கவனிக்கத்தக்கது. 1642-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் இருந்தபோதுதான், அந்நகரையடுத்த ஊரில் காவலில் இருந்த பேரறிஞர் கலீலியோ காலமானார். அவ்வறிஞரின் நூல்களை இளைஞர் அங்கேயே படித்தார்.

இதற்கிடையே அயர்லாந்தில் 1641-ஆம் ஆண்டு கலகம் மூண்டு தந்தையின் வருமானம் நின்றுபோயிற்று. பணம் வரவேண்டிய இடத்தில் கடிதம்தான் வந்தது. ஊரிலிருந்து உண்டியல் வராமல் அயல்நாட்டில் தவித்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. கோடீசுவரர் வீட்டுப் பிள்ளைக்கும் அது வாய்த்தது. இரண்டாண்டு ஆசிரியரின் தயவில் ஜெனீவாவில் காலந்தள்ளி, சில நகைகளை விற்று வழிச்செலவு தேடிக்கொண்டு 1644-இல் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். தந்தை முன்னாண்டே இறந்திருந்தார். லண்டனில் தம்மைவிடப் பன்னிரண்டு வயது மூத்த தமக்கை கேத்தரினைக் கண்டார். ரனலா சீமாட்டி எனப்பட்ட அப்பெண்மணி கல்வியிற் சிறந்தவர். அறிஞர் பலர் கூடும் வீடு அவருடையது. திருமணமே செய்துகொள்ளாத ராபர்ட்டுக்கு அன்று முதல் தாயும் தோழியும் அவரே.

தந்தை விட்டுச் சென்ற ஸ்டால்பிரிட்ஜ் என்னும் கிராமத்துப் பண்ணையில் குடியமர்ந்து இரசாயனம் பயிலத் தொடங்கினார். 1647-இல் வெகு தொலைவிலிருந்து ஆவலோடு வரவழைத்த மண் உலை, வழியில் நொறுங்கித் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. சரக்கு உடைந்து வந்தால் வணிகர் காப்பீட்டுக்காரரைத் தேடுவார். இவருக்கு யாரும் இல்லை. தமக்கைக்குக் கடிதம் எழுதித் துக்கத்தை ஆற்றிக்கொண்டு, ஈராண்டுக்குள் வேறு உலை அமைத்து வேலையைத் தொடங்கிவிட்டார்.

1655-56-இல் ஆக்ஸ்போர்டு சென்று பெருந்தெருவில் ஒரு மருந்துக் கடைக்காரர் வீட்டில் தங்கினார். அங்கே ராபர்ட் ஹூக் என்ற கைத்திறன் மிக்க இளைஞர் உதவியாளராக வாய்த்தார். ஹூக் அமைத்த காற்றிறைக்கும் எந்திரத்தைக் கொண்டு, காற்றில்லா இடத்தில் விளக்கு அணைவதையும் ஓசை குன்றுவதையும் பாயில் மெய்ப்பித்தார். 1660-இல் அந்நூல் வெளிவந்தது. காற்றை அழுத்த அழுத்த அதன் பருமன் அதே விகிதத்தில் குறைகிறது என்ற புகழ்பெற்ற விதி 1662-இல் வந்தது. இடையில் 1661-இல் பழைய இரசாயனக் கொள்கைகளை ஐயுற்று எழுதிய நூலும் வந்தது. லண்டன் ராயல் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். இவற்றை எந்தப் பாடநூலிலும் காணலாமாதலால் நாம் நிறத்தின் கதைக்குச் செல்வோம்.

1664-இல் நிறங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அக்காலத்து ஐரோப்பிய மருந்துக் கடைகளில் வயலட் மலரின் நீலச் சர்பத் என்றும் கிடைக்கும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சாதாரண மருந்து. பாயில் அதனை வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டார். அதன்மேல் காடி, எலுமிச்சைச் சாறு, உப்பிலிருந்து வடித்த அமிலம் என ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். நீலம் சிவப்பாயிற்று. வேறொரு சொட்டின்மேல் மரச் சாம்பலிலிருந்து எடுத்த காரநீரை விட்டார். நீலம் உடனே பச்சையாயிற்று.

புளிப்புப் பட்டால் நீல மலர் சிவக்கும் என்பது முன்பே பலருக்குத் தெரிந்த செய்தி. காரங்கள் எல்லாம் அதே சாற்றைப் பச்சையாக்கும் என்பதை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்து, பொது விதியாக்கியது பாயிலின் தொண்டு. இதில் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கலாம். மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காரத்தை மட்டுமே காட்டும். காரம் பட்டால் சிவக்கும். புளிநீருக்கும் வெறுந்தண்ணீருக்கும் அது ஒரே மஞ்சளாகவே நிற்கும். ஆகவே அது அரைச் சாட்சி. வயலட் சாறு முழுச் சாட்சி. சிவந்தால் அமிலம், பச்சையானால் காரம், இரண்டும் இல்லாமல் நீலமாகவே நின்றால் இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகை. சாதாரண உப்புப் போன்ற நடுநிலைப் பொருள்களுக்கென்று தனி இடம் உண்டென்பது இச்சோதனையால் தெளிவாயிற்று. அதற்கு முன் நாவில் வைத்துப் பார்த்தும், ஒன்றோடொன்று கலந்து நுரைக்கிறதா என்று பார்த்துமே பெரும்பாலும் வகை சொன்னார்கள். அறியாத பொருளை நாவில் வைப்பதின் ஆபத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

வயலட்டோடு அவர் நிற்கவில்லை. தோட்டத்திலும் கடையிலும் அகப்பட்டவற்றையெல்லாம் சோதித்தார். மல்லிகை இனத்து வெள்ளை மலரைக் காகிதத்தில் தேய்த்தார், நிறமே தெரியவில்லை. அமிலம் விட்டார், குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. காரம் விட்டதும் அந்த வெள்ளைக் காகிதத்தில் பசுமை கலந்த மஞ்சள் எழுந்தது. வெறும் வெள்ளையென்று நாம் நினைக்கும் பூவிலும் மறைந்திருக்கும் சாயம் உண்டு என்பது இதனால் விளங்கும். மெக்சிகோ நாட்டிலிருந்து மருந்துக்காக வந்த ஒரு மரத்தின் ஊறல்நீர், ஒரு புறம் பார்த்தால் பொன்னிறமும் மறுபுறம் பார்த்தால் நீலமும் காட்டும். அமிலம் ஒரு சொட்டு விழுந்தால் நீலம் மறைந்துவிடும்; காரம் சேர்த்தால் திரும்பி வரும். இதனையும் ஒரு சோதனைக் கருவியாகவே அவர் பயன்படுத்தினார்.

சாயமரங்களில் பிரேசில் மரத்தையும் அவர் எடுத்துக்கொண்டார். அப்பெயருக்கு முதல் உரிமை நமது கீழ்த்திசைச் சப்பங்க மரத்துக்கே. இந்தியாவிலிருந்தும் இத்தீவுகளிலிருந்தும் அம்மரம் ஐரோப்பா சென்ற காலத்திலேயே அதற்கு அங்கே அப்பெயர் வழங்கிற்று. பின்னர் தென்னமெரிக்காவில் அதே இனத்து மரத்தைக் கண்டு அப்பெயரை அதற்கு வைத்தார்கள். மரத்தின் பெயர் நாட்டுக்கும் ஆயிற்று. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் நம் சமூகத்துக் குடும்பங்கள் நெய்யும் கோரைப் பாய்க்குச் சிவப்பு ஏற்றியதும் சப்பங்கச் சாயமே. புளிப்புப் பட்டால் மஞ்சளாகவும், காரம் பட்டால் செந்நீலமாகவும் அது மாறும். எந்தச் சாயப்பட்டறைக்காரரும் இதனை அறிவார். அவர்கள் அறிந்ததை மதித்துக் கேட்டறிந்ததுதான் பாயிலின் சிறப்பு. சீமான் வீட்டுப் பிள்ளைகள் பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத காலத்தில், சாயக்காரர், கண்ணாடி ஊதுவோர், பொன் தட்டுவோர் ஆகியோரின் தொழிலை நேரிற் சென்று கற்றறிவது அறிஞர்க்குக் கடமை என்று எழுதியவர் இவர்.

இங்கே நம் முன்னோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரத்தைக் குறிக்க ஐரோப்பியர் வழங்கும் 'அல்கலி' என்ற சொல் அரபுச் சொல்லாகும். உவர்நிலச் செடியை எரித்த சாம்பலுக்கு 'அல்-கலீ' என்று பெயர். வடிகலத்தின் பெயரும் சாராயச் சத்தின் பெயரும் அரபியிலிருந்து சென்றவையே. ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரால் வழங்கும் நூல்களும், அர்ராஸி சரக்குகளை வகைப்படுத்தி எழுதிய நூல்களும் இலத்தீன் மொழியிற் சென்று பல நூற்றாண்டு ஐரோப்பிய இரசாயனத்துக்கு வழிகாட்டின. நிறச் சோதனையை அரபியர் கண்டுபிடித்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. சபைகளில் சிலர் எல்லாவற்றையும் நம்மவரே கண்டார்கள் என்று முழங்குகிறார்கள். அது நம் பெரியோருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. பாயில் எரித்த உலையும் வடித்த கலமும் அவர்கள் வழி வந்தவை. காகிதத்தில் விட்ட சொட்டு அவருடையது.

அமிலம், காரம் என்னும் இரண்டினாலேயே உலகத்துப் பொருள் அனைத்தும் ஆனது என்று அக்காலத்தில் ஒரு கூட்டத்தார் வாதித்தார்கள். தம் சோதனைக்குப் பெருமை சேர்க்கும் வாதமாயிற்றே என்று பாயில் மகிழவில்லை. 1675-இல் அதனை மறுத்தே எழுதினார். ஒரு நல்ல தராசு வைத்திருப்பவன், உலகமே நிறுக்கத்தக்கது என்று எண்ணிவிடக் கூடாதல்லவா?

தராசு என்றதும் அவ்வாண்டிலேயே அவர் வெளியிட்ட இன்னொரு கருவி நினைவுக்கு வருகிறது. கள்ளப் பொற்காசைக் கண்டுபிடிக்கும் மிதவை அது. நீண்ட காம்புள்ள ஒரு குமிழின் அடியில் காசைத் தொங்கவிட்டு நீரில் மிதக்க விடவேண்டும். பொன் கனத்த உலோகமாதலால் சிறிய இடத்தில் அடங்கி நிற்கும். நீர் அதனைத் தாங்குவது குறைவு. ஆகவே நல்ல காசு கருவியை ஆழ இழுக்கும். எடை சரியாக இருக்கும்படி செய்த கலப்புக் காசோ பருமன் கூடியது. நீர் அதனை மேலே தள்ளும். காம்பு உயர்ந்து நிற்கும். 1690-இல், இறப்பதற்கு ஓராண்டு முன், மருந்துச் சரக்குகள் மெய்யானவையா கலப்படமா என்பதை நீரில் நிறுத்துக் கண்டறிவதற்கென்றே ஒரு நூல் எழுதினார். தானியக் குவியலுக்குள் கையைவிட்டு அடியிலிருந்த ஈரத்தை வெளிப்படுத்திய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அளவில் குறைப்போரைப் பற்றித் திருக்குர்ஆனில் தனி அத்தியாயமே உண்டு. ஆகவே இவ்வித நூலின் அருமை நமக்குச் சொல்லாமலே விளங்கும்.

இப்போது மலாய் நாட்டுத் தொடர்பு. பாயில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாக சபையில் சில ஆண்டுகள் இருந்தவர். கம்பெனி கீழ்த்திசையில் பணம் சேர்த்தால் போதாது, தம் மதத்தையும் பரப்பவேண்டும் என்பது அவர் எண்ணம். இதற்காக மலாய் மொழியில், ரோமன் எழுத்தில், நான்கு சுவிசேஷங்களை 1677-ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் தம் சொந்தச் செலவில் அச்சிடுவித்தார். கிறிஸ்தவக் கொள்கையை நிலைநாட்டும் ஒரு நூலை அரபியிலும் பெயர்த்து அச்சிடச் செய்தார். நம்மவரையும் மலாய்ச் சகோதரர்களையும் மதம் மாற்றுவதே நோக்கம் என்பதில் ஐயமில்லை. இதனை மறைத்து அவரைப் புகழ்வது நேர்மையன்று. அந்நோக்கம் நமக்கு உடன்பாடுமன்று. ஆயினும் ஒன்றைக் கவனிக்கலாம். தம் வேதத்தை மூல மொழியில் அறியவேண்டுமென்று ஹீப்ரு, கிரேக்கம், சிரியாக், கல்தேயம் ஆகிய நான்கையும் அவர் முயன்று கற்றார். பலவீனமான கண்ணோடு இதனைச் செய்தார். அரபி எழுத்தை ஓதத் தெரிந்தும் பொருள் அறியாத நம்மில் சிலர் இதனை எண்ணிப் பார்ப்பது தவறாகாது.

இத்தனை சோதனை செய்தவர் தாமே ஒரு முறை ஏமாந்ததும் உண்டு. தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்கலாம் என்ற ஆசை அக்காலத்து அறிஞர் பலரையும் பிடித்திருந்தது, பாயிலையும் விடவில்லை. 1677-78-இல் ஜார்ஜ் பியேர் என்ற பிரெஞ்சுக்காரன், பரம இரகசியம் அறிந்த ஒரு கூட்டம் இருப்பதாகவும், அதில் பாயிலைச் சேர்த்துவிடுவதாகவும் கடிதம் எழுதினான். பாயில் பணமும் பரிசுகளும் அனுப்பிக்கொண்டே இருந்தார். இரகசியம் வரவில்லை. கூட்டமே பொய் என்பது பிறகு தெரிந்தது. கள்ளக் காசைக் கண்டுபிடிக்கக் கருவி செய்த கை, கடிதத்தை நீரில் நிறுத்துப் பார்க்கவில்லை. ஆசை கண்ணை மறைத்தால் தராசு இருந்தும் பயனில்லை போலும்.

1680-இல் ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவி அவரைத் தேடி வந்தது. அப்பதவிக்குச் சத்தியப் பிரமாணம் செய்யவேண்டும். இறைவன் பெயரால் ஆணையிடுவது இலேசான காரியமன்று என்ற அச்சத்தால் அப்பதவியை ஏற்க மறுத்துவிட்டார். ஒரு முழம் துணி விற்பதற்குள் மூன்று முறை வல்லாஹி சொல்பவர்களைக் கண்ட நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம்.

1668 முதல் லண்டன் பால்மால் தெருவில் தமக்கை வீட்டிலேயே வாழ்ந்தார். 1670-இல் பாரிசவாதம் தாக்கி, சிறிது சிறிதாகத் தேறினார். பிற்காலத்தில் அயல்நாட்டார், பிரபுக்கள், வேடிக்கை பார்ப்போர் எனக் கூட்டம் பெருகி வேலை கெட்டது. ஆகவே வாரத்தில் இன்ன நாள் இன்ன வேளை யாரையும் பார்ப்பதற்கில்லை என்று வாயிலில் பலகை தொங்கவிட்டார். 1688-இல் ஒரு விளம்பரமும் அச்சிட்டு வெளியிட்டார். தம் கையெழுத்துப் பிரதிகள் பல திருடுபோயின என்றும், பெட்டியில் வைத்திருந்த காகிதங்கள்மேல் கந்தக அமிலக் குப்பி உடைந்து அவை அழிந்தன என்றும் அதில் அறிவித்தார். அமிலத்தை ஆயுள் முழுதும் அளந்தவருக்கு அமிலமே வைத்த நட்டம் அது.

அவர் தொடங்கிய சோதனை பிறகு வெகு தூரம் வளர்ந்தது. பாசியினத்திலிருந்து எடுக்கும் லிட்மஸ் சாயம் தோய்ந்த காகிதம் பள்ளிக்கூடந்தோறும் சென்றது. 19-ஆம் நூற்றாண்டில் பினால்ப்தலீன் முதலிய செயற்கைச் சாயங்கள் வந்தன. 1909-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் என்பவர் புளிப்பையும் காரத்தையும் எண்ணால் குறிக்கும் பிஎச் அளவை வகுத்தார். 7 நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம். அமிலம் என்பது ஹைட்ரஜன் அயனியைக் கொடுப்பது, காரம் அதனை வாங்கிக்கொள்வது. சாயத்தின் அணுக்கூட்டம் அவ்வயனியைப் பெற்றாலோ இழந்தாலோ ஒளியை விழுங்கும் விதம் மாறுகிறது. கண்ணுக்கு நிறம் மாறித் தெரிகிறது. பாயிலுக்குத் தெரியாத காரணம் இதுவே.

ஜொகூரில் இந்த எண்ணுக்கு வேலை அதிகம். பொந்தியான் பக்கத்துக் கரிச்சதுப்பு மண்ணின் பிஎச் பல இடங்களில் 4-க்கும் கீழே நிற்கும். சுண்ணாம்பு இட்டுப் பண்படுத்தாமல் அங்குப் பல பயிர்கள் வளர்வதில்லை. அன்னாசி மட்டும் அப்புளிப்பைப் பொறுத்துக்கொள்ளும். ரப்பர்ப் பால் கெடாமலிருக்க அம்மோனியா என்னும் காரத்தைச் சேர்க்கிறார்கள். உறைய வைக்கப் பார்மிக் அமிலம் ஊற்றுகிறார்கள். எவ்வளவு ஊற்றவேண்டும் என்பதற்கு நிறங்காட்டிகள் உதவும்.

நம் மளிகைக் கடைக்கு நேரே வருவது மஞ்சள் தூள். மெட்டானில் மஞ்சள் என்ற செயற்கைச் சாயத்தைக் கலந்து மட்டமான தூளுக்குப் பளபளப்பு ஏற்றுவது பழைய மோசடி. உணவில் சேர்க்கத் தகாத சாயம் அது. அதுவும் ஒரு நிறங்காட்டியே என்பதால் தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். தூளை நீரில் கரைத்துச் சில சொட்டு வன்மையான ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் செவ்வூதா நிறம் தோன்றும். நல்ல மஞ்சளிலும் முதலில் அவ்வித நிறம் தோன்றக்கூடும். ஆனால் தண்ணீர் ஊற்றியதும் அது மறைந்துவிடும். சாயம் கலந்ததில் மறையாமல் நிற்கும். நிறத்தைப் பார்த்தவுடன் விநியோகம் செய்தவர்மேல் பாய்ந்துவிடாமல், தண்ணீர் ஊற்றும்வரை பொறுப்பது நல்லது. அமிலம் கையைப் பொசுக்குவது. ஆகவே ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்புவதே தக்கது.

வீட்டில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் சந்தையில் கிடைக்கும் புங்கா தெலாங், அதாவது நம் சங்குப்பூ போதும். வெந்நீரில் ஊறவைத்த நீல நீரில் எலுமிச்சை பிழிந்தால் செவ்வூதாவாகும். சமையல் சோடாவைச் சிறிது கூட்டினால் பச்சை வரும். பாயிலின் வயலட் சர்பத்துக்கு இது உடன்பிறப்பு.

அவர் ஒரு சமயம் மனிதகுலம் அடையவேண்டியவை என்று 24 காரியங்களைப் பட்டியலிட்டு வைத்திருந்தார். நீண்ட ஆயுள், பறக்கும் வித்தை, நோவு தணிக்கும் மருந்து, கடலில் தீர்க்கரேகை காணும் வழி, மூழ்காத கப்பல் ஆகியன அதில் உண்டு. அவற்றுட் பல அவருக்குப்பின் நிறைவேறின. மூழ்காத கப்பல் மட்டும் இன்னும் இல்லை என்பதைச் சரக்கு ஏற்றுமதி செய்வோர் அறிவர்.

1691 டிசம்பர் 23-இல் தமக்கை கேத்தரின் காலமானார். ஒரு வாரத்தில், அவ்வாண்டின் முடிவிலேயே, தம்பியும் மறைந்தார். இருவரும் லண்டன் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். 1720-களில் அத்தேவாலயத்தை இடித்துப் புதிதாகக் கட்டியபோது பழைய கல்லறைகள் கலைந்தன. அவ்விருவர் எலும்பும் எங்கே சென்றன என்பதை யாரும் குறித்து வைக்கவில்லை.